பிற

கருவி கத்தியது.
நெடுங்கேணிக்கு வடக்கே, பனிச்சையடிக் காட்டில்,
பதினேழாம் பாதையில், காலை எட்டு இருபதுக்கு.
கத்தினால் அது இரும்பு.
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
ரவைக்கோதா, பிஸ்கட் ரின்னா, ஜொனியின் ஊசியா
அது சொல்லாது.
முழங்காலில் நின்று
பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டித்தான்
நாங்கள் கேட்க வேண்டும்.

விரலளவு, விரலளவாய்.
முகக்கவசத்துக்குள் என் மூச்சே எனக்கு வெக்கை.
முப்பது சென்ரிமீற்றரில் துரு.
ஈட்டி முனையோ என்னவோ,
இலுப்பை இலை போல் மெலிந்து கிடந்தது.
அதன் பக்கத்தில் ஒரு விளிம்பு,
வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு.
சட்டியென்று நினைத்தேன்.
சட்டி முடியவேயில்லை.
சுரண்டச் சுரண்ட வயிறு வைத்துக்கொண்டே போனது.

அடுத்த பாதையிலிருந்து றொசிற்றா கேட்டாள்,
"என்னடி, பெரிசோ?"
"பெரிசுதான். வெடிக்காது."

உள்ளே ஒருவர் குந்திக்கொண்டிருந்தார்.

விசில் ஊதி வேலையை நிறுத்தினார்கள்.
முதலில் பொலிஸ். பிறகு நீதிமன்றத்து ஆள்.
பிறகு, யார் சொன்னதோ,
மஞ்சள் நாடாவுக்கு அப்பால்
ஒரு ஓட்டோ, இரண்டு சைக்கிள்,
ஒரு லான்ட்மாஸ்டர் நிறையப் பெண்கள்.
ஒருவரும் அழவில்லை.
கழுத்தை மட்டும் நீட்டினார்கள்.
"உடுப்பு ஏதும் இருக்கோ தங்கச்சி?"
"கடைவாய்ப் பல்லில வெள்ளி அடைச்சிருக்கோ, ஒருக்காப் பாருங்கோ."

பின்னேரம் திணைக்களத்து ஜீப் வந்தது.
கேதாரநாதன் என்ற உத்தியோகத்தர்
தூரிகையால் தட்டி, நாலு பலகைக்கல்லையும் அளந்து,
எழும்பிக் கையைத் துடைத்துக்கொண்டு
"இரண்டாயிரத்து ஐந்நூறு" என்றார்.
பின்னால் நின்றவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை.
"இரண்டாயிரத்து ஒன்பதில்லையோ?" என்றாள்.

லான்ட்மாஸ்டர் திரும்பிப் போன சத்தம்
வெகுநேரம் கேட்டது.

அவர் எங்களுக்கு விளக்கிச் சொன்னார், நல்ல மனிசன்.
எகிப்தில் அரசர்களுக்கு மலையைக் குடைந்தார்களாம்.
மால்ற்றா என்றொரு தீவில்
நிலத்துக்குக் கீழே கோயிலே இருக்கிறதாம்,
படியிறங்கிப் போய்க் கும்பிட்டார்களாம்.
"நீங்கள் அப்படி ஒன்றும் கண்டிருக்க மாட்டீங்கள்."

கண்டிருக்கிறேன்.
ஒன்பது வயதில், வலைஞர்மடத்து மணலில்,
ஐந்தடி ஆழம், பனங்குற்றிக் கூரை.
அம்மாவின் கூறைச்சேலையைத் தைத்து மண் நிரப்பிய மூட்டைகள்,
சரிகை வெளியே தெரிய.
மூலையில் கண்ணாடி போன பிள்ளையார் படம்.
அவருக்கும் குந்தத்தான் இடம்.
முழங்கால் நாடியில் முட்ட, கை இரண்டும் காதில்,
இவர் தாழிக்குள் இருக்கிற அதே இருப்பு.
ஒருவரும் சொல்லித்தரவில்லை.
மண்ணுக்குள் போனால் உடம்புக்கு அது தெரிந்திருக்கிறது.
இவரைவிட ஆழத்தில் இருந்தோம் நாங்கள்,
ஆறு பேர்.
மேலே வந்தது நாலு.

பெட்டியில் பஞ்சு வைத்து அவரைக் கொண்டுபோனார்கள்.
ஈட்டி முனைக்கு ஒரு இலக்கம், மண்டைக்கு ஒரு இலக்கம்.
என் கையில் எங்கள் படிவம்.
மிதிவெடி: இல்லை.
எறிகணைச் சிதறல்: இல்லை.
ரவை: இல்லை.
கடைசிக் கட்டத்தில் அச்சடித்திருந்தது: பிற.
மற்றவை என்ற அர்த்தத்தில்தான் போட்டிருப்பார்கள்.
பேனையைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன்.
யாரோ குனிந்து
யாருக்கோ சொன்னது போல் கிடந்தது அந்தச் சொல்.

"ஒருவர்" என்று எழுதினேன்.
ஆழம்: முப்பது.

குழியை மூடாமல் காணியைக் கையளிக்க முடியாது, அது விதி.
மண்ணைப் போட்டு மட்டமாக்கி
கருவியை மறுபடி மேலே பிடித்தேன்.
இரும்பு இல்லை.
வேறெது இருந்தாலும் அதற்குத் தெரியாது.
வெள்ளைத் தடி நட்டுவிட்டு
பதினெட்டாம் பாதைக்கு நகர்ந்தேன்.